ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நில்லுங்க

என் அப்பா பாதையில் வேலை செய்கிறவர். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் தெருப் போடுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். அடியில் பெரிய மிதவைகள், மேலே தட்டையான தளம், ஓரத்தில் கம்பி. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, நெல் மூட்டை, சில வேளை ஒரு வான் வண்டி, மிச்ச இடத்தில் ஆட்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எங்கள் வீடு படுவான்கரையில்.

பாதை கரையைத் தொட்டதும் பலகையை இறக்குவது அப்பாவின் வேலை. எந்த வாகனம் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதும் அவர்தான். ஆனால் அவருடைய உண்மையான வேலை சத்தம் போடுவது. வான் இடப்பக்கம் ஏறினால் ஆட்கள் வலப்பக்கம் போக வேண்டும். கரையில் கொக்கு நிற்கிறது, முதலை கிடக்கிறது என்று எல்லாரும் ஒரே ஓரத்துக்கு ஓடினால் தளம் சரியும். அப்போது அப்பா கையைத் தூக்குவார்.

"ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நில்லுங்க! ஒரு பக்கம் சேராதீங்க!"

அந்தக் குரலுக்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. பொலிஸ்காரர் பிரிந்து நின்றிருக்கிறார், ஐயர் பிரிந்து நின்றிருக்கிறார். ஒரு கல்யாணக் கூட்டம் ஏறிய நாளில் மாப்பிள்ளையை ஒரு பக்கமும் பெண்ணை மறுபக்கமும் நிறுத்திவிட்டார். தாலி கட்டி ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. இருவரும் வாவியின் நடுவில் ஆளை ஆள் பார்த்தபடியே கரை சேர்ந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா போகவே இல்லை. அப்பா போனார், எழுத்துக் கூட்ட வருவதற்கு முன்னரே நிறுத்திவிட்டார்கள். நான் ஏ.எல். பரீட்சையில் சித்தியடைந்த அன்று பாதையில் ஏறிய எல்லாருமே என் பெறுபேற்றை அப்பாவின் வாயால் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய அன்றும் அப்படியே. அதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. பெருமைதான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வரலாறு படித்த எனக்கு ஊரில் கிடைத்தது களுவாஞ்சிக்குடியில் ஒரு தற்காலிக எழுதுவினைஞர் வேலை. அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் மலைநாட்டில், கண்டிக்கு ஏறும் வழியில், பழைய எஞ்சின்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு புகையிரத நூதனசாலையில் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்தேன். விண்ணப்பித்தேன், கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், தெரிவானேன். மாதம் முடிவதற்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அதைச் சொன்னபோது அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"வீட்டுக்காரி வீட்ட விட்டுப்போட்டுப் போறதா? இதென்ன புதினம்?"

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் புரியாது. எங்களிடம் வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்த நாளிலிருந்து அவளுக்கென்று கல்லாய்க் கல்லாய்ச் சேர்ப்பார்கள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வான். தாயும் தகப்பனும் அதே வளவின் மூலையில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். என் வீட்டுக்கு அந்த வருடம்தான் ஓடு போட்டு முடிந்திருந்தது.

"நம்மட பக்கத்தில ஆம்புள தானேகா இடம் மாறுற. பொம்புள போனா வீட்டில ஆர் விளக்கு வைக்கிற?"

"நீங்க வைங்கம்மா."

"உன்ட வீட்டுக்கு நான் வைக்கிறயா? நல்ல படிப்புத்தான் படிச்சிருக்காய்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா ஒன்றை மறுத்தால் அதைத் திருப்பக்கூடியவர் அவர் ஒருவர்தான், அவரும் எப்போதாவதுதான் அதைச் செய்வார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். மகளையும் மனே என்றுதான் கூப்பிடுவார்.

"இடத்தக் காணாம என்னத்தச் சொல்ற மனே. போய்ப் பாப்பம். பாத்துட்டுச் சொல்றன்."

அப்படித்தான் நாங்கள் மூவரும் நூதனசாலை பார்க்கப் போனோம். மற்றவர்கள் பொழுதுபோக்குக்குப் போவார்கள். என் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பது அங்கே என் அப்பாவுக்கு என்ன தோன்றும் என்பதில் இருந்தது.

இருவரும் கதிர்காமத்துக்குக் காட்டு வழியே நடந்து போய் வந்தவர்கள். ஆனால் ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், ஏறியதில்லை. விடியும் வெள்ளாப்பிலேயே மட்டக்களப்பு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். அம்மா ஊரையே கட்டிக்கொண்டு வந்திருந்தா: சோற்றுப் பார்சல், பொரித்த மீன், தண்ணீர்ப் போத்தல், குளிருக்கென்று இரண்டு போர்வை, மாமாங்கேஸ்வரர் திருநீறு. அப்பா ஒன்றும் கொண்டுவரவில்லை. பிளாட்பாரத்தில் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"இல்ல, இது எதில நிக்கிதெண்டு பாக்கன்."

வயல்களையும் காடுகளையும் தாண்டும்வரை அப்பா வாசலோரம் அமைதியாகவே இருந்தார். பிரச்சினை பொல்கஹவெலவில் கோச்சி மாறி மலை ஏறத் தொடங்கிய பிறகுதான். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், அதற்கு அப்பால் நீல மலைகள். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் எழும்பிப் பள்ளப் பக்கத்து யன்னல்களில் தொங்கினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசலில் காலைத் தொங்கவிட்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அப்பா மலைச்சுவர்ப் பக்கத்து ஆசனத்தின் மூலையில், கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்துக்கு முன்னால் பாசி பிடித்த கல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பு அவருடைய மற்றக் கையில்.

"வாங்கப்பா, இஞ்ச வடிவாத் தெரியுது."

"நீ பாரு மனே. எல்லாரும் அங்கால போயிட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினா. "கொப்பர் கோச்சிய நேரா வச்சுக்கிட்டு வாறார். கதை குடுக்காத."

அன்றிரவு கண்டியில் ஒரு மடத்தில் தங்கி, காலையில் நூதனசாலைக்குப் போனோம். சின்ன ஸ்டேஷன் ஒன்றின் பக்கத்தில் இருக்கிறது அது. கரி எஞ்சின்கள் வெளியே கூரையின் கீழ் நிற்கின்றன. உள்ளே கைவிளக்குகள், மணிகள், ஸ்டேஷன் மணிக்கூடு, பழைய டிக்கட் அச்சிடும் இயந்திரம், நாலு பேர் தள்ளிக்கொண்டு ஓடும் ட்ரொலி. தண்டவாளத்திலேயே ஒரு பழைய ரயில் பெட்டி நிற்கிறது, அதற்குள் ஏறிப் பார்க்கலாம்.

பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்கள அம்மா. தமிழ் நன்றாகப் பேசினார், இடையிடையே என்னை "நங்கி", தங்கச்சி, என்றார். முதல்நாள் தொலைபேசியில் நாங்கள் வருவதைச் சொல்லியிருந்ததால் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றி வைத்திருந்தார். அப்பா கோப்பையை வாங்கிக்கொண்டு, மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, தேத்தண்ணீரும் கையுமாகவே எஞ்சின்களைச் சுற்றினார். அம்மா கேள்விகள் கேட்டா.

"இஞ்ச நல்ல மீன் எடுக்கலாமா?"

"மீன் இருக்கு அம்மா. கொஞ்சம் பழசு."

அம்மா என் பக்கம் திரும்பினா. அந்தப் பார்வையில் ஒரு தீர்ப்பு இருந்தது.

நான் அப்பாவின் பின்னாலேயே நடந்தேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் இருக்க, ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு வட்டத் தகட்டைச் சாரதியின் கையில் கொடுப்பார்கள், அந்தத் தகடு கையில் இல்லாதவர் போக முடியாது என்றேன். அந்தத் தகட்டை வெளியே தள்ளும் சிவப்புப் பெட்டியைக் காட்டினேன். அப்பா "ம்" என்றார். நீராவி எப்படி உருளையைத் தள்ளுகிறது என்றேன். அதற்கும் "ம்" என்றார். பாதையில் யாராவது மாட்டு விலை கதைத்தால்கூட இதைவிடக் கூடுதலாகப் பேசுகிறவர். அந்த ஒவ்வொரு "ம்"முக்குப் பிறகும் சொல்ல இன்னொன்றைத் தேடினேன்.

அப்போதுதான் வாசலில் பஸ் ஒன்று வந்து நின்றது. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள். வெள்ளைச் சீருடை, கையில் லன்ச் பை, ஓயாத சத்தம். அவர்களோடு இளம் ஆசிரியர் ஒருவர்.

அந்தச் சிங்கள அம்மா என் தோளைத் தொட்டார். "நங்கி, எல்லாம் தமிழ்ப் பிள்ளைங்க. நான் சொன்னா பாதிதான் விளங்கும். நீங்க கொஞ்சம் சொல்றீங்களா? சும்மா. வேலை மாதிரி இல்ல."

அது வேலை மாதிரித்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்தது. கோப்பையை ஒரு மதிலில் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நின்றுகொண்டார்.

நான் பிள்ளைகளை அந்தப் பழைய பெட்டிக்குள் ஏற்றினேன். அப்பாவும் அம்மாவும் கடைசியாக ஏறினார்கள். அம்மா முதல் வகுப்பு மெத்தை ஆசனத்தைக் கண்டதும் போய் இருந்துகொண்டா, பிறகு எழும்பவே இல்லை. நான் தொடங்கினேன். இலங்கையில் புகையிரதம் ஏன் வந்தது, கோப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம், துறைமுகம். தலையில் இருந்த ஒழுங்கிலேயே வரிசையாகச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. இன்னொன்று ஆசனத்தின் அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்தது. ஆசிரியர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வார்த்தைகள் வேகமாக வரத் தொடங்கின. அது நல்ல அறிகுறி அல்ல.

அந்த நேரம் வெளியே ஊழியர் ஒருவர் கரி எஞ்சினின் மேலே ஏறித் துடைக்கத் தொடங்கினார்.

"டேய், எஞ்சின்ல ஏறுறாங்கடா!"

அவ்வளவுதான். முழு வகுப்பும் ஒரே பாய்ச்சலில் இடப்பக்க யன்னல்களில் போய் விழுந்தது. பலகைத் தரை தடதடத்தது. என் முன்னால் வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நில்லுங்க! ஒரு பக்கம் சேராதீங்க!"

வாவி முழுக்கக் கேட்கும் குரல் அது. ஒரு ரயில் பெட்டிக்குள் அடைபட்டு வெடித்தது. பிள்ளைகள் வெலவெலத்து, பாதி பேர் வலப்பக்கம் ஓடி, இரண்டு வரிசையாக மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். ஆசிரியரும் இரண்டு எட்டு வலப்பக்கம் வைத்துவிட்டார். வெளியே எஞ்சினைத் துடைத்தவர் துணியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்.

மெத்தை ஆசனத்திலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"இஞ்சருங்க. இது நிலத்தில நிக்கிது."

அப்பாவின் கை இன்னும் மேலே இருந்தது. அதை அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ கை போல. பிறகு இறக்கினார். இவ்வளவு வருடத்தில் அந்தக் குரல் தப்பான இடத்தில் வந்ததை நான் கண்டதில்லை. முகம் சுருங்கிப்போயிற்று. வாசல் பக்கம் ஒரு அடி வைத்தார். இறங்கிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் இந்த இடத்தைப் பற்றி அவர் மனதில் நிற்கப்போவது இது ஒன்றுதான்.

முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் கேட்டாள். "ரயிலு சாஞ்சிருமா தாத்தா?"

"சாயாது," என்றேன் நான், அவர் பதில் சொல்வதற்கு முன். "ஏன் சாயாது என்று சொல்றன். ஆனா தாத்தா ஏன் சத்தம் போட்டார் என்று முதல்ல சொல்லணும். உங்களில ஆராவது தண்ணிக்கு மேல வான் போறதப் பாத்திருக்கிறீங்களா?"

யாரும் பார்த்ததில்லை.

"இவர் என்ட அப்பா. தண்ணிக்கு மேல வான் கொண்டு போறவர்."

பிள்ளைகளின் கண்கள் எல்லாம் அப்பாவின் மேல் திரும்பின. நான் பெட்டியைப் பாதை ஆக்கினேன். இந்த ஆசனம் வான், அந்த லன்ச் பைகள் நெல் மூட்டை, தரைக்குக் கீழே ஆழமான தண்ணீர், முதலையும் உண்டு. எல்லாரும் ஒரு பக்கம் போங்கள் என்றேன். போனார்கள். இப்போது என்ன ஆகும் என்றேன். "சாயும்!" என்று கத்திக்கொண்டு அவர்களே உடம்பைச் சரித்தார்கள். அப்பாவைப் பார்த்தேன். வாசலில் ஒரு காலோடு நின்றவர் தயங்கினார். பிறகு உள்ளே வந்தார். கை மேலே போயிற்று. இந்தமுறை சிரித்துக்கொண்டே சத்தம் போட்டார். பிள்ளைகள் கூச்சலோடு பிரிந்து நின்றார்கள். "இன்னொரு தடவ தாத்தா!" என்றார்கள். இன்னொரு தடவையும் செய்தார்.

"முதலைக்குத் தீனி வேணுமெண்டா அங்கால போ," என்று ஒரு குட்டைப் பையனை மிரட்டினார். அவன் வேண்டுமென்றே போனான்.

அதன் பிறகுதான் எல்லாரையும் கீழே இறக்கி, சக்கரத்தருகே குந்த வைத்தேன். சக்கரத்தின் உள்பக்கத்தில் ஒரு விளிம்பு இருக்கிறது, அது தண்டவாளத்தைவிட்டு விலகாமல் பிடித்து வைக்கும். அடியில் எல்லாம் இரும்பு, மேலே பலகை, அதனால் பாரம் முழுக்கக் கீழே. பாதைக்குக் கீழே தண்ணீர், அது இளகிக் கொடுக்கும். இதற்குக் கீழே கல்லும் கட்டையும் இரும்பும், எதுவும் இளகாது. நீங்கள் அத்தனை பேரும் ஒரு யன்னலில் தொங்கினாலும் இது அசையாது. ஒவ்வொரு பிள்ளையும் விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. அப்பாவும் குந்தியிருந்து தொட்டுப் பார்த்தார். விரலால் அதன் தடிப்பை அளந்தார். நான் சொன்னதற்கு அவர் "ம்" போடவில்லை.

"அப்ப ஒரு பக்கம் நிண்டாலும் ஒண்டும் ஆகாதா மனே?"

"ஆகாதப்பா."

"நேத்து நான் சும்மா தானா கல்லப் பாத்துக்கிட்டு வந்த?"

பிள்ளைகளுக்குக் கதை தெரியாவிட்டாலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கோப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம் எல்லாவற்றையும் சொன்னேன், கேட்டார்கள். அந்தச் சின்னப் பெண் தன் பாட்டனின் தகப்பன் இந்தத் தண்டவாளத்துக்குக் கல் உடைத்தவர் என்று வீட்டில் சொல்வார்கள் என்றாள். அதை எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொருமுறை சொல்ல வைத்தேன்.

பஸ் போன பிறகு மரத்தடியில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அந்தச் சிங்கள அம்மாவுக்கும் ஒரு பங்கு. பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, நீங்க மாசா மாசம் இதை அனுப்பினா நங்கி வராட்டியும் பரவாயில்ல," என்றார். அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தா, முடியவில்லை.

அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனேன். நூதனசாலைக்குப் பின்னால், நான் தங்கலாம் என்று அவர்கள் சொல்லியிருந்த அறையின் முன்னால் நின்று கதவின் தாழ்ப்பாளைப் போட்டும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒள்ளுப்பம் இளகிக் கிடக்கு. வாறதுக்கு முதல் வேறொண்டு வாங்கிப் பூட்டணும்."

"ஆர் வாறதுக்கு முதல்?"

"நீதான். வேற ஆரு?" தாழ்ப்பாளை இன்னொருமுறை தள்ளினார். "நான் எழுவான்கரையில, ஆரையம்பதியில பிறந்தவன். ஒரு பெட்டியோட பாதையில ஏறித்தான் கொம்மாட வீட்டுக்கு வந்த. அண்டைக்கு வாவி கடலளவு தெரிஞ்சிது. மறுகா பழகிட்டு. கரை மாறினா ஆள் கெட்டுப் போறதில்ல."

"அம்மா?"

"அவக்கு நான் சொல்றன்." கொஞ்சம் யோசித்தார். "நீயும் கிட்ட நில்லு."

நான் கிட்ட நின்றேன். மரத்தடியில் அப்பா சொன்னார். அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டா. கழுவி முடிந்தும் கழுவினா. "வீட்டில விளக்கு?" என்றா.

"நாம வைப்பம். அவ லீவில வரக்குள்ள அவ வைக்கட்டும். வீடு ஓடியா போகப்போகுது?"

அம்மா பாத்திரத்தைத் துடைத்துப் பையில் வைத்தா. "மீன் கருவாடாத்தான் அனுப்பலாம்," என்றா. "இல்லாட்டி மணக்கும்."

பின்னேரம் இறக்கத்துக் கோச்சியில் ஏறினோம். வளைவு வந்ததும் வழக்கம்போல எல்லாரும் எழும்பிப் பள்ளப் பக்கம் போனார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கம்பியைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். எழும்பினார். ஆட்களுக்கு நடுவே தோளை நுழைத்து, யன்னலில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கீழே மரங்களின் தலைகளும், தூரத்தில் புகைபோல மலைகளும், அவற்றின் மேல் பின்னேர வெயிலும் கிடந்தன. தாய்லாந்துக்காரரோ யாரோ ஒருவர் அவருடைய தோளுக்கு மேலால் படம் எடுத்தார்.

"கவிழாதெண்டு நீ தானே சொன்ன," என்றார், கண்ணை எடுக்காமல். கையால் மட்டும் என் சட்டைத் தோளைப் பிடித்திருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். மலைச்சுவர்ப் பக்கம் முழுவதும் வெறுமை. அதில் அம்மா ஒருத்தி மட்டும், மடியில் பையையும் பக்கத்தில் இரண்டு போர்வைகளையும் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா.

"நீங்களும் வாங்கம்மா!"

"வரமாட்டன்," என்றா. "நீங்க ரெண்டு பேரும் நல்லாப் பாருங்க. நான் இஞ்சால இரிக்கன்."